ஹெட்போனில் கேட்கும் எலக்ட்ரானிக் இசையை நேரில் போய்க் கேட்பதில் என்ன இருக்கிறது?

"லேப்டாப்பில் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கி ஆடுகிறார்கள், இதற்கு எதற்கு டிக்கெட்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கைபேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நேரில் போகும்வரை நானும் வீடியோவில்தான் பார்த்திருந்தேன். ஆனால் 'பொத்தான்' என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் போனது ஒரு மூடிய அரங்கத்துக்கு. மேடையில் ஒரே ஒருவர். லேப்டாப் கிடையாது. மேசை நிறைய மாடுலர் சிந்தசைசர், அதாவது தனித்தனிப் பெட்டிகளை ஒயரால் இணைத்து ஒலியை உருவாக்கும் கருவி, முன்னால் சடைசடையாக ஒயர்கள். முதல் ஐந்து நிமிடம் வெறும் தாளம்தான், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் அடி பேஸ், அந்த ஆழமான தாழ்ந்த ஒலி, உள்ளே வந்தது. மூக்குக் கண்ணாடி மூக்கின் மேலேயே நடுங்க ஆரம்பித்தது. சட்டைத் துணி நெஞ்சில் ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்தது. பையில் கிடந்த சாவிக்கொத்து தொடையில் படபடத்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 முறை அதிரும் பேஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட எட்டரை மீட்டர் நீளம். ஒரு அரங்கம் முழுக்க அதை எழுப்ப பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்களான சப்வூஃபர்களை ஆளுயரத்துக்கு அடுக்க வேண்டும். நல்ல ஹெட்போன் அந்த ஒலியைக் காதுவரை கொண்டுவரும், மறுக்கவில்லை. நெஞ்சுக்கூட்டுக்கும் உள்ளங்காலுக்கும் கொண்டுவராது. அரங்கத்துக்குள் கொஞ்சம் நடந்து பார்த்தாலே தெரியும். சுவரில் மோதித் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு சேருகிற இடத்தில் பேஸ் பொங்கும், நாலு எட்டு தள்ளிப் போனால் வற்றிவிடும். நான் சவுண்ட் மிக்ஸர் மேசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஒலியைச் சரிசெய்பவர் எதைக் கேட்கிறாரோ, ஏறக்குறைய அதுவே நமக்கும் கிடைக்கும்.

அங்கே நின்றதில்தான் விளக்குகளை இயக்கிய பெண்ணைப் பார்த்தேன். 1986இல் வந்த டிஎம்எக்ஸ் 512 என்ற முறைதான் இன்றும் மேடை விளக்குகளுக்குப் பொது மொழி. ஒரு கேபிளில் 512 சேனல், அதாவது கட்டளைத் தடங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு. முழுவதையும் முன்பே எழுதிவைத்துத் தானாக ஓட விடலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. திரையைப் பார்க்காமல் மேடையையே பார்த்துக்கொண்டு, வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர்களில் விரல்களை வைத்திருந்தார்.

பாதி நிகழ்ச்சியில் தாளம் ஒன்று பிசகியது. மேடையில் இருந்தவர் சட்டென்று ஒரு ஒயரைப் பிடுங்கினார். ஒரே ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் மிச்சம். அதே நொடியில் இந்தப் பெண் எல்லா விளக்குகளையும் அணைத்து, தலைக்கு மேலே பச்சை லேசரை மட்டும் தகடுபோல் விரித்துவிட்டார். அரங்கில் பரவியிருந்த புகை அந்தத் தகட்டுக்குள் மேகம் மாதிரி மெதுவாக ஓடியது. லேசருக்கு நடுவழியில் உருவம் கிடையாது, புகையில் பட்டுச் சிதறினால்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு நிமிடம் அப்படியே போனது. ஒயர் வேறு துளைக்குப் போனது, பேஸ் திரும்பியது, வெள்ளை வெளிச்சம் மொத்தமாகக் கொட்டியது. கூட்டம் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து வாசித்தார்கள் என்றுதான் சொல்வேன். பொத்தானை அழுத்துபவர்களே கிடையாது என்று நான் வாதாடவில்லை. ஆனால் கை அதிகம் அசையவில்லை என்பதற்காக ஒருவர் வாசிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். 1970இல் ஜெர்மனியில் தொடங்கிய கிராஃப்ட்வெர்க் என்ற எலக்ட்ரானிக் இசைக் குழுவினர் சிலைபோல் நின்றபடியேதான் பெயர் வாங்கினார்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. இந்த நிகழ்ச்சிக்கு மறுநாள் விடுப்பு கேட்டபோது, "இதுக்கெல்லாமா லீவு?" என்றார் என் மேலாளர். அதே மாதம் விளையாட்டுப் போட்டி பார்க்க இரண்டு பேருக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்தவர். ஒருவருடைய ஆசை கௌரவமானது, இன்னொருவருடையது வெட்டிவேலை என்று யார் பிரித்துக் கொடுத்தது? இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது.

சரி, போவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் என்று கணக்கு வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகி, 100 டெசிபலில் கால்மணி நேரம்தான். முதல் தடவை நான் போடவில்லை, மறுநாள் சாயங்காலம்வரை காதில் ரீங்காரம். போட்டாலும் பேஸ் உடம்பு வழியாக வந்துவிடும், ருசி குறையாது. இரண்டு, ஸ்ட்ரோப் விளக்கு, அதாவது விட்டுவிட்டு வேகமாக மின்னும் விளக்கு. கண்ணை மூடினாலும் இமை வழியாகச் சிவப்பாக உள்ளே வரும். நொடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். உங்களுக்கு அப்படி இருந்தால் போவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள், அங்கே திடீரென்று மின்னினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு விலகிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அதே கலைஞரின் பதிவை ஹெட்போனில் போட்டேன். துல்லியமாக இருந்தது, ஒரு பிசகும் இல்லை. கண்ணாடிதான் அசையவில்லை.