கறுத்த முன்பல்லை உள்ளிருந்து வெளுத்தால் பல் உடையுமா?

நல்லூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்குப் பள்ளிக்கூட வயதில் சைக்கிளால் விழுந்து மேல் முன்பல் அடிபட்டது. பிறகு வேர்ச்சிகிச்சை செய்தோம். இப்போது அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறம். தை மாதம் கலியாணம். பல்லுக்குள்ளே மருந்து வைத்து வெளுக்கலாம் என்கிறார் பல் வைத்தியர். நரம்பு எடுத்த பல் காய்ந்த கொப்பு மாதிரி, மருந்தும் வைத்தால் முறிந்துவிடும் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். செய்யலாமா?"

செய்யலாம். எந்த மருந்து, எப்படி என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காய்ந்த கொப்பு என்ற பேச்சு சரியல்ல. நரம்பு எடுத்ததால் பல்லின் ஈரம் பெரிதாகக் குறைவதில்லை. சூத்தைக்கும் சிகிச்சைக்குமாக எவ்வளவு குடைந்தார்களோ, பலம் அவ்வளவுக்குத்தான் குறையும். 1989இல் முன்கடைவாய்ப் பற்களை வைத்துச் செய்த ஆய்வில், வேர்ச்சிகிச்சைத் துளை மட்டும் பல்லின் வளையாத உறுதியை 5 சதவீதமே குறைத்தது; இருபக்க விளிம்பும் போகக் குடைந்தபோது 63 சதவீதம் போனது.

வெளுக்கும் மருந்தும் கொஞ்சம் பாதிக்கும். 30 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டு அமிலத்தன்மை உள்ளது. பல்லின் உட்பகுதியை மென்மையாக்கும், உடைவைத் தாங்கும் சக்தியையும் குறைக்கும். அதற்குப் பதிலாக, சோடியம் பெர்போரேட் என்ற வெளுக்கும் தூளைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. வெளுக்க இன்னும் ஓரிரு தடவை கூடுதலாகப் போகவேண்டி வரலாம், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். சூடுகாட்டி வெளுக்கும் முறை வேண்டவே வேண்டாம்.

இப்படியான பல்லைப் பின்பக்கமாகத் திறந்தால், மூலைகளில் பழைய இரத்தக் கறையும் வேர் அடைத்த மருந்தின் மிச்சமும் ஒட்டிக்கிடப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அதைத் துப்புரவாக எடுத்தாலே நிறம் ஓரளவு தெளியும். அடுத்தது முக்கியம்: வேரை அடைத்த ரப்பர் போன்ற பொருளை முரசு மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் குறைத்து, அதன்மேல் 2 மில்லிமீற்றர் தடிப்பில் சீமெந்து மூடி போடவேண்டும். மூடி இல்லாவிட்டால் மருந்து கசிந்து, வேரின் கழுத்தை வெளியிலிருந்து அரிக்கத் தொடங்கலாம். அது அரிது, ஆனால் அடிபட்ட பல்லுக்கு ஆபத்து கூட. மூடி போடுவீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு ஈரமணல் பதத்தில் மருந்தை அழுத்தி வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால், பெரும்பாலும் 2 முதல் 4 தடவையில் நிறம் வந்துவிடும்.

பல் உள்ளே வெறுமையாக இருக்கும் அந்த வாரங்களில்தான் பயம். திருவிழாக் கச்சானை முன்பல்லால் உடைப்பது, புழுக்கொடியல் கடிப்பது, நண்டுக்கால் நொறுக்குவது எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வெளுத்து முடிந்த அன்றே நிரந்தரமாக அடைக்க அவசரப்படுத்தாதீர்கள். உள்ளே தங்கிய ஒட்சிசன், பல் நிறத்தில் அடைக்கும் கொம்பசிற் என்ற பொருளை ஒட்டவிடாது. இரண்டு வாரம் பொறுத்து அடைத்தால் நன்றாகப் பிடிக்கும். இழந்த பலத்தில் பெரும்பகுதி திரும்பும்.

வெளுக்காமல் கிரௌன் (பல்லை முழுக்க மூடும் உறை) போடலாமே என்றும் சிலர் சொல்வார்கள். அதற்குச் சுற்றிவர ஒரு மில்லிமீற்றருக்கு மேல் நல்ல பல்லை அராவவேண்டும். பெரிய அடைப்போ வெடிப்போ இருந்தால் கிரௌன்தான் சரி; முழுசாக இருக்கும் பல்லை அராவ எனக்கு மனம் வராது.

நிறம் சில வருடத்தில் கொஞ்சம் மங்கலாம், திரும்ப வெளுக்கலாம். கார்த்திகை தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். முடிந்து ஆறு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே, பிறகு வருடத்துக்கு ஒன்று எடுத்து வேரின் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.