மாதிரி டீசல் இன்ஜின்: நுணுக்க வேலைக்கு முன்னால் ஓட்டம்

கேள்வி: திருச்சியில் ஏழு பேர் சேர்ந்து ஒரு மாதிரி ரயில் குழு ஆரம்பித்திருக்கிறோம். டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜினை எச்.ஓ. அளவில் (அசலில் 87இல் ஒரு பங்கு) ஆளுக்கு ஒன்றாகக் கட்டுகிறோம். உடலை முப்பரிமாண அச்சில் எடுத்து, கடையில் வாங்கிய வெளிநாட்டு இன்ஜின்களின் அடிச்சட்டத்தின் மேல் பொருத்திவிட்டோம். ஒன்று பாயின்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) வந்தாலே நின்றுவிடுகிறது. இன்னொன்று வளைவில் தடம்புரள்கிறது. அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உயரம் ஒத்துவரவில்லை. கைப்பிடிக் கம்பி, ஹாரன், பெயின்ட் என்று நுணுக்க வேலையில் இறங்கலாமா?

பதில்: இப்போது இறங்க வேண்டாம். 0.4 மி.மீ. கம்பியில் அழகாகக் கைப்பிடி போட்ட இன்ஜினைத் தடம்புரளும்போதெல்லாம் கையால் தூக்கிவைத்தால், ஒரு வாரத்தில் அந்தக் கம்பி ஒன்றும் மிஞ்சாது. நான் கட்டிய முதல் இன்ஜினுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. பெயின்ட் அடித்து, எண் ஒட்டி முடித்த பிறகு ஓட்டிப் பார்த்தேன். அது வளைவில் முட்டியது. உடலைக் கழற்றப் போய் முன்பக்கத்தில் பாதி வேலை உடைந்தது. நின்றால் பொம்மை, ஓடினால்தான் இன்ஜின். முதலில் ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

உயரம் ஒத்துவராததற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்கேல்தான். எச்.ஓ. என்பது 1:87, பிரிட்டிஷ் ஓ.ஓ. என்பது 1:76. இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான், அதனால் முப்பரிமாண அச்சுக்கான கோப்புகள் எளிதில் கலந்துவிடுகின்றன. அசல் டபிள்யூ.டி.எம்-2 பஃபர் முதல் பஃபர் வரை (இரு முனைகளிலும் இடியைத் தாங்கும் வட்டத் தட்டுகள்) 17.12 மீட்டர். உங்கள் இன்ஜின்கள் ஏழையும் அளந்து பாருங்கள். 197 மி.மீ. இருந்தால் எச்.ஓ. 225 மி.மீ. பக்கம் வந்தால் அது ஓ.ஓ.வுக்காக வரைந்த கோப்பு. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, மறுபடி அச்சிட வேண்டியதுதான்.

அளவு பற்றிய பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 16.5 மி.மீ. என்பது 1435 மி.மீ. அகலமுள்ள வெளிநாட்டுப் பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.26 வருகிறது. ஆகவே எச்.ஓ.வில் நாம் ஓட்டும் ஒவ்வொரு இந்திய இன்ஜினும் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகிறது. 3 மி.மீ. ஸ்கேல் (அசலின் ஓர் அடிக்கு 3 மி.மீ.), அதாவது 1:101.6, எடுத்துக்கொண்டால் நம் ஐந்தரை அடி அச்சாக 16.5 மி.மீ. ஆகிவிடும். கணக்கு மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்கேலில் பெட்டி முதல் சிக்னல் வரை எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும். புதிதாக ஆரம்பிக்கும் குழு எச்.ஓ.விலேயே இருப்பதுதான் நல்லது. ஒடுக்கம் பக்கவாட்டில் தெரியாது, முன்னால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். முன்பக்கத்து மாடு தடுப்பைச் சரியான அகலத்தில் வைத்து, சக்கரங்களைக் கருமையாக்கிவிட்டால் அதுவும் மறைந்துவிடும்.

சரி, தடம்புரளும் இன்ஜினுக்கு வருவோம். உடலைக் கழற்றிவிட்டு அடிச்சட்டத்தை மட்டும் அதே வளைவில் ஓட்டுங்கள். ஒழுங்காக ஓடினால் குற்றம் உடலில். படிக்கட்டோ மாடு தடுப்போ போகியில் இடிக்கிறது. (நம்மூரில் பெட்டியையே போகி என்கிறோம். நான் இங்கே சொல்வது மூன்று சக்கர அச்சுகளைத் தாங்கித் திரும்பும் சட்டத்தை.) போகியின் ஓரத்தில் மார்க்கர் மை தடவி உடலை மாட்டி ஓட்டினால், இடிக்கும் இடத்தில் மை ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் தேயுங்கள்.

உடல் இல்லாமலும் புரண்டால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, சக்கர ஜோடியின் உட்புற இடைவெளி. எச்.ஓ.வில் அது 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அரை மி.மீ. குறைந்தாலே பாயின்ட்டில் ஏறிக் குதிக்கும். இரண்டாவது, பலர் கவனிக்காத ஒன்று: போகியிலிருந்து மேலே போகும் ஒயர். தடித்த ஒயர் போட்டால் அது ஸ்பிரிங் மாதிரி போகியைத் திரும்பவிடாமல் தள்ளும். மெல்லிய, பல இழை ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டுப் பற்றவையுங்கள். உங்களைப் போல அடிச்சட்டம் மாற்றிக் கட்டுகிறவர்களிடம் நான் பார்த்த தடம்புரளல்களில் பாதிக்கு இந்த ஒயர்தான் காரணம்.

பாயின்ட்டில் நிற்கும் இன்ஜினுக்குக் கரண்ட் போதவில்லை. பன்னிரண்டு சக்கரம் இருந்தாலும், விலை குறைந்த அடிச்சட்டங்களில் நாலைந்துதான் கரண்ட் எடுக்கும். அதிலும் சிலவற்றில் ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள், அந்தச் சக்கரம் கணக்கிலேயே வராது. பாயின்ட்டின் நடுவே பிளாஸ்டிக் துண்டு வரும் இடத்தில் அந்த நாலைந்தும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டால் இன்ஜின் நின்றுவிடும். 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியை எல்லாச் சக்கரங்களின் பின்பக்கத்திலும் லேசாக உரசும்படி வையுங்கள். அழுத்தினால் அதுவே பிரேக் ஆகிவிடும். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

அச்சிட்ட ரெசின் உடல் எடையே இல்லாதது. உள்ளே ஈயத் துண்டு வைத்து முழு இன்ஜினையும் 400 கிராமுக்குக் கொண்டுவருகிறேன் நான். குறுக்கே ஒரு பென்சிலை வைத்து இன்ஜினை அதன் நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். இன்னொன்று, திருச்சி வெயிலுக்கு 20 செ.மீ. நீள ரெசின் உடல் வாழைப்பழம் போல வளைந்துவிடும். புற ஊதா விளக்கில் முழுமையாக இறுக்கிய பிறகு, உட்புறம் நீளவாக்கில் பித்தளைப் பட்டை ஒட்டிவிடுங்கள்.

இவை தனித்தனி இன்ஜினுக்கான வைத்தியம். ஏழு பேர் சேர்ந்து ஓட்டுவதென்றால் ஒரு பொது விதி வேண்டும். அமெரிக்காவில் 1935இல் மாதிரி ரயில்காரர்கள் தேசியச் சங்கமாகத் திரண்டார்கள். ஒருவர் செய்த வண்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்பதற்காகச் சக்கரம், தண்டவாளம் இரண்டுக்கும் பொது அளவுகளை வகுத்தார்கள். நீங்களும் சக்கர இடைவெளி, கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி) உயரம், குறைந்தபட்ச வளைவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் 245 மி.மீ. வரும். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும், அதாவது 75 செ.மீ. விளையாட்டு செட்டுகளில் வரும் 45 செ.மீ. வளைவில் இந்தப் பெட்டிகள் பரிதாபமாகத் தொங்கும்.

பத்துப் பெட்டி ரேக்கோடு கை படாமல் பத்துச் சுற்று வந்த இன்ஜினுக்கு மட்டும் நுணுக்க வேலை. அங்கேயும் முதல் வேலை கத்தியை எடுப்பதல்ல, எந்த எண், எந்த ஆண்டு என்று முடிவு செய்வது. இந்த வகை 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்தது, 1964 முதல் வாரணாசியில் கட்டினார்கள். பல பத்தாண்டுகள் ஓடிய வண்டி. ஜம்போ என்கிற பெரிய கண்ணாடி வைத்த ரகம் தனி. ஈரோடு, பொன்மலை என்று ஒவ்வொரு ஷெட்டும் (இன்ஜின் பராமரிப்புக் கூடம்) தன் விருப்பப்படி பெயின்ட் அடித்தது. பொதுவாக ஒரு டபிள்யூ.டி.எம்-2 செய்கிறேன் என்று ஆரம்பித்தால் ஒரு வண்டியின் ஹாரனும் வேறொரு வண்டியின் கிரில்லும் சேர்ந்துவிடும். ஒரே எண்ணின் நாலு பக்கப் படங்களைச் சேகரியுங்கள். நீளம் தெரியும் என்பதால் பக்கவாட்டுப் படத்திலிருந்தே மற்ற அளவுகளைக் கணக்கிடலாம். போகியையும் பாருங்கள்: ஆல்கோவின் டிரைமவுன்ட் போகியில் மூன்று அச்சுகளும் சம இடைவெளியில் இருக்காது. ஆர்.எஸ்.டி-5, ஆர்.எஸ்.டி-15 போன்ற அமெரிக்க ஆல்கோக்களின் மாதிரியில் இதே சாயல் போகி கிடைக்கும். சம இடைவெளி போகியை வைத்தால் ஷெட்டில் வேலை பார்த்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

கைப்பிடிக்கு 0.35 மி.மீ. பித்தளைக் கம்பி போதும், அசலில் அது 30 மி.மீ. குழாய்க்குச் சமம். சுருளிலிருந்து வரும் கம்பி அலையலையாக இருக்கும். இரு முனையையும் குறடால் பிடித்து, லேசாக நீள்வது கைக்குத் தெரியும்வரை இழுங்கள், நூல் பிடித்த மாதிரி நேராகிவிடும். துளையைக் கை டிரில்லால்தான் போட வேண்டும், மின் டிரில்லின் வேகத்தில் ரெசின் விரிசல் விடலாம். ஃபெவிக்விக் போன்ற பசையைக் கண்ணாடி பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி வெள்ளையாகப் படியும். ஜன்னலுக்கு வெள்ளைப் பசையே போதும்.

பெயின்ட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல் பிரைமர் அடித்தால் முப்பரிமாண அச்சின் அடுக்கு வரிகள் பளிச்சென்று தெரியும். தேய்த்து, மறுபடி பிரைமர். மழை நாளில் ஸ்பிரே வேண்டாம், மேற்பரப்பு வெளுத்துப்போகும். எண் ஸ்டிக்கரை நீரில் நனைத்து ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ், பின் மங்கல் வார்னிஷ். புகைபோக்கியைச் சுற்றி கரி படியாத ஆல்கோவை நான் பார்த்ததில்லை, அதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆளுக்கு ஒன்றாக ஏழையும் ஒரே நேரத்தில் கட்டாமல், முதல் இன்ஜினை எல்லோரும் சேர்ந்து முடியுங்கள். பற்றவைப்பு கைவந்தவர் ஏழுக்கும் கரண்ட் கம்பி போடட்டும். பொறுமையுள்ளவர் கைப்பிடி வளைக்க ஒரு அச்சுக்கட்டை செய்துகொள்ளட்டும், ஏழு இன்ஜினுக்கும் ஒரே உயரம் வரும். டி.சி.சி. முறையில் (ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி முகவரி கொடுத்து ஓட்டும் டிஜிட்டல் முறை) ஓட்டுவதானால், இன்ஜினுக்குள் கட்டளை வாங்கும் புது டிகோடர் எல்லாமே 3 என்ற முகவரியோடுதான் வரும். மாற்றாமல் இரண்டை வைத்தால் ஒரே கட்டளைக்கு இரண்டும் கிளம்பி மோதிக்கொள்ளும். இன்ஜின் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையே முகவரியாக வைத்து, குழுவின் நோட்டில் எழுதிவிடுங்கள்.