கென்டக்கி மலையில் வீடு பழுதுபார்க்கப் போகிறோம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்ஸிங்டனில் இருக்கிறேன். பதினோரு வருஷமாக மாதத்தில் ஒரு சனிக்கிழமையும் கோடையில் ஒரு முழு வாரமும் கிழக்குக் கென்டக்கியின் அப்பலாச்சியா மலைப் பக்கம் போய், அங்கே ஏழை வீடுகளின் தரை, கூரை, படிக்கட்டுகளைச் சரிசெய்யும் சர்ச் குழு ஒன்றோடு வேலை செய்கிறேன். தச்சு என் தொழில் இல்லை, வாரநாளில் கம்ப்யூட்டர்தான். இதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயை விட்டேன், கேள்விகள் கொட்டிவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, அப்பலாச்சியா என்பது ஊரா, மாநிலமா? அமெரிக்காவில் மற்றவர்கள் போய் வீடு சரிசெய்து கொடுக்கும் அளவுக்கு ஏழைகள் இருக்கிறார்களா?

இரண்டும் இல்லை தம்பி, அது அப்பலாச்சியன் மலைத்தொடரை ஒட்டிய ஒரு பெரிய வட்டாரம். நியூயார்க் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் ஆரம்பித்து மிஸிஸிப்பி வரை இறங்கும், அரசாங்கக் கணக்கில் 13 மாநிலங்களில் 423 கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). நாங்கள் போகும் பக்கம் 'அப்பலாட்ச்சா' என்றுதான் சொல்வார்கள். 'அப்பலேஷியா' என்று சொன்னீர்களானால் வெளியூர் ஆள் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

1960இல் இந்த மலைப் பகுதி முழுக்க ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. இப்போது அது பாதியாக இறங்கிவிட்டது, ஆனால் கிழக்குக் கென்டக்கி மலைக் கவுண்டிகளில் இன்னமும் கிட்டத்தட்ட நாலில் ஒருவர். ஏன் என்று கேட்டால் ஒரே வார்த்தை, நிலக்கரி. 1900ஐ ஒட்டிய வருஷங்களில் கம்பெனி ஏஜெண்டுகள் வந்து, மேல்மண் உனக்கு, கீழே இருப்பதெல்லாம் எனக்கு என்று பத்திரம் எழுதி, சில்லறைக் காசுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா போட்ட அந்தக் கைநாட்டைக் காட்டித்தான் பேரன் காலத்தில் புல்டோசர் வந்து சோளக்கொல்லையைத் தோண்டியது. அதற்குக் கடிவாளம் போட்டு கென்டக்கி மக்கள் ஓட்டளித்து மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தியதே 1988இல்தான். இதற்கு நடுவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுரங்கத்துக்குள் இயந்திரம் இறங்கியது, ஆள் வேலை போனது, கூட்டம் கூட்டமாக சின்சினாட்டி, டேட்டன், டெட்ராய்ட் என்று வண்டி ஏறினார்கள். மலையில் தங்கியவர்களில் நுரையீரலில் கரித்தூள் படிந்த பெரியவர்கள் நிறைய. 1990களின் கடைசியில் வலி மாத்திரைப் போதை வந்து இன்னொரு தலைமுறையைச் சாய்த்தது, அதனால் இன்றைக்குப் பல வீடுகளில் பேரப்பிள்ளையை வளர்ப்பது பாட்டிதான். அங்கே பாட்டியை 'மேமா' என்பார்கள், தாத்தா 'பேபா'.

நாகர்கோவிலிலிருந்து ஒரு ஐயா: இதை யார் நடத்துகிறார்கள்? எந்தச் சபை?

சின்னதும் பெரியதுமாக நிறைய இருக்கிறது ஐயா. பழைய பெயர்களில் ஒன்று கிறிஸ்டியன் அப்பலாச்சியன் ப்ராஜெக்ட். ரால்ஃப் பைட்டிங் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1964இல் தொடங்கியது. அவரை 1950இல் நாலு கவுண்டிகளுக்குச் சேர்த்து ஒரே பங்குத்தந்தையாகப் போட்டார்கள், அங்கே கத்தோலிக்கர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோயிலுக்கு ஆள் வரவில்லை என்று உட்கார்ந்திருக்காமல் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்த மனிதர். 2012இல் 88 வயதில் இறந்தார். அவர் தொடங்கிய அதே 1964இல், ஏப்ரல் மாதம்தான் ஜனாதிபதி ஜான்சன் மார்ட்டின் கவுண்டியில் ஐனெஸ் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வறுமை ஒழிப்பு பற்றிப் பேசினார், அந்தப் போட்டோ உலகம் முழுக்கப் போனது.

இன்னொன்று அப்பலாச்சியா சர்வீஸ் ப்ராஜெக்ட், மெத்தடிஸ்ட் போதகர் டெக்ஸ் எவன்ஸ் தொடங்கியது. 1969 கோடையில் பார்பர்வில் ஊரில் 50 பேர், நாலு வீடு, அவ்வளவுதான் ஆரம்பம். இப்போது கோடைதோறும் ஆயிரக்கணக்கில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் வந்து பள்ளிக்கூடத் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதற்குப் பிள்ளைகள் தங்கள் பக்கமிருந்து பணம் கட்டி வர வேண்டும், சம்பளம் எதுவும் கிடையாது. முதலில் சொன்னதில் மாதக்கணக்கில் தங்கும் தொண்டர்களும் உண்டு, ஒரே வீட்டில் இருந்து முறைவைத்துச் சமைத்து சேர்ந்து ஜெபம் செய்வார்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: நேரடியாகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூரை போட்டுக் கொடுத்து மதம் மாற்றுவதுதானே?

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, எல்லாரும் மனசில் வைத்திருக்கிற கேள்வி. ஆனால் அங்கே யாரை மாற்றுவது? அந்த மலையில் வளைவுக்கு வளைவு ஒரு பாப்டிஸ்ட் அல்லது பெந்தெகொஸ்தே சபை இருக்கிறது. வேதாகமத்தை என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சந்தேகம் உண்மையில் எதிர்ப்பக்கம்தான் இருந்தது, கத்தோலிக்கப் பாதிரி வந்தபோது 'இவன் எதற்கு வருகிறான்' என்று அவரைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். எங்கள் குழுவில் காலையில் ஐந்து நிமிஷம் ஜெபம் உண்டு, வீட்டுக்காரர் விரும்பினால் சேர்ந்துகொள்வார். பல நாள் அவர்தான் நடத்துவார், ஐந்து நிமிஷம் இருபது நிமிஷம் ஆகும், வெயில் ஏறிவிடும்! எங்களோடு வரும் இரண்டு பேர் சர்ச்சுக்கே போகாதவர்கள், யாரும் கேட்டதில்லை. எல்லாக் குழுவும் இப்படி இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன், சேருவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

டல்லாஸிலிருந்து ஒரு சகோதரி: ஒரு நாளில் அப்படி என்னதான் வேலை செய்வீர்கள்?

அக்கா, பாதி நாள் வீட்டுக்கு அடியில்தான். அங்கே நிறைய பேர் இருப்பது டிரெய்லர் வீடு, அதாவது தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து வைக்கும் வீடு. பழைய டிரெய்லர்களின் தரை பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. குளியலறைக் குழாய் ஒருநாள் கசிய ஆரம்பித்தால் அது ரொட்டி போல ஊறி, கால் வைத்தால் அமுங்கும். போன வருஷம் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்த மேமா கதவு திறந்துகொள்ளாமல் இருக்க துணிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஃப்ரிட்ஜை நகர்த்தி தரையில் ஒட்டியிருந்த லினோலியம் விரிப்பை உரித்தோம், கையாலேயே பலகையை அள்ள முடிந்தது, ஓட்டை வழியாகக் கீழே மண் தெரிந்தது, அதில் ஒரு பூனை படுத்திருந்தது. இப்படி இருக்கும் இடத்தில் மக்கிய பலகையை நல்ல பகுதி வரும்வரை அறுத்து எடுத்து, அடியில் தாங்கும் சட்டத்துக்குப் பக்கத்தில் புதுச் சட்டம் கொடுத்து, மேலே முக்கால் அங்குல பிளைவுட் போட்டுத் திருக வேண்டும். அதற்கு முன்னால் கசிவை நிறுத்தியிருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மறுபடி அதே வீட்டுக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்தது சக்கர நாற்காலிக்கு ராம்ப், அதாவது சாய்தளம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது விதி. வாசல் தரையிலிருந்து 30 அங்குலம் உயரம் என்றால் ராம்ப் 30 அடி போக வேண்டும், ஆனால் மலைச்சரிவில் வாசலுக்கு முன்னால் 30 அடி சமதரை எங்கே இருக்கும்? அதனால் நடுவில் ஒரு மேடை வைத்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். என்னைக் கேட்டால் இதைப் போல மனசுக்கு நிறைவான வேலை வேறில்லை. இரண்டு வருஷமாக வாசல் தாண்டாத ஒரு பேபா, நாங்கள் கடைசி ஆணியை அடிப்பதற்கு முன்னாலேயே நாற்காலியை உருட்டிக்கொண்டு இறங்கி நேரே தக்காளிச் செடி பார்க்கப் போய்விட்டார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அட்லாண்டாவிலிருந்து ஒருவர்: நம் நிறத்தைப் பார்த்து ஏதாவது பிரச்சினை வந்ததா? பயமாக இருக்காதா?

முறைத்துப் பார்த்த இடங்கள் இருந்தன, ஒரு பெட்ரோல் பங்கில் ஒருவன் ஏதோ முணுமுணுத்தான், இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி 'நீங்கள் டாக்டரா?' என்பதுதான். காரணம் இருக்கிறது. டாக்டர் கிடைக்காத ஊர்களில் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் வெளிநாட்டு டாக்டர்களுக்கு விசாவில் ஒரு சலுகை உண்டு, அந்த வழியில் இந்திய டாக்டர்கள் பலர் இந்த மலை ஊர்களுக்கு வந்தார்கள், சிலர் அங்கேயே தங்கியும் விட்டார்கள். அதனால் பழுப்பு நிறத்தில் ஒருவன் வந்தால் டாக்டர்தான் என்று முடிவு. இல்லை, கம்ப்யூட்டர் என்றால் முகம் கொஞ்சம் வாடும். முழங்காலைக் காட்டி ஆலோசனை கேட்ட பெரியவர்களும் உண்டு.

பயம் வேண்டியது நாய்க்கும் பாம்புக்கும்தான். வண்டியை நிறுத்தியதும் இறங்கிப் போய்க் கதவைத் தட்டாதீர்கள், வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று குரல் கொடுங்கள், அவர்கள் திண்ணைக்கு வந்ததும் போங்கள். வீட்டுக்கு வீடு துப்பாக்கி உண்டு, அது வேறு விஷயம்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அம்மா: நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கஷ்டம்தான் அம்மா. பின்டோ பயறு வேகவைத்து மக்காச்சோள ரொட்டியோடு தருவார்கள், பார்த்தால் சைவம் மாதிரியே இருக்கும், பெரும்பாலும் பன்றிக் கொழுப்புப் போட்டுத்தான் வேகவைப்பார்கள். பீன்ஸ் பொரியல் போலத் தெரிவதிலும் அதேதான். தோட்டத்துத் தக்காளி, அவித்த சோளம், பச்சை வெங்காயம், இவை பயமில்லாதவை. நீங்கள் சாப்பிடாததை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டீர்களானால் அவர்கள் கையால் சாப்பிட அருவருப்பு என்றுதான் நினைப்பார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே நினைப்போம்.

ஹூஸ்டனிலிருந்து ஒருவர்: எங்கள் சங்கத்தில் பழைய துணி நிறைய சேர்ந்திருக்கிறது, அனுப்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். 2022 ஜூலை வெள்ளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போன அந்த வாரத்திலும், சேறு வாரப் போன இடங்களில் துணி மூட்டையைப் பிரித்துத் தரம் பிரிக்கவே தனியாக ஆள் போட வேண்டியிருந்தது. ஒரு மூட்டையில் பட்டுப்பாவாடை கண்டேன், யார் அனுப்பியது என்று ஊகிக்க முடிகிறது. பணம் அனுப்புங்கள். பொருள்தான் என்றால் புது உள்ளாடை, சாக்ஸ், பெரியவர்களுக்கான டயப்பர், பிளீச்சிங் திரவம், நாய்த் தீவனம்.

சான் ஹோஸேயிலிருந்து ஒரு தம்பி: போட்டோ எடுத்துப் போட்டால் நன்கொடை நிறைய வருமே?

வரும். ஆனாலும் வீட்டையும் முகத்தையும் எடுக்காதே தம்பி. ஜான்சன் வந்ததிலிருந்து அறுபது வருஷமாக அவர்களின் உடைந்த திண்ணையை வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அந்த எரிச்சல் பழையது. 1967இல் லெட்சர் கவுண்டியில் ஹியூ ஓகானர் என்ற கனடா நாட்டுப் படத்தயாரிப்பாளர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வாடகை வீட்டில் படமெடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுச் சொந்தக்காரர் வந்து சுட்டுக் கொன்றுவிட்டார். சுட்டது நியாயம் என்று சொல்லவில்லை, ஆனால் அங்கே சுட்டவர் பக்கம் பரிந்து பேசியவர்கள் நிறைய. நானே முதல் வருஷம் ஒரு வீட்டுச் சமையலறையைப் 'பழுதுக்கு முன்' என்று போனில் எடுத்தேன், அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சிங்க்கில் கிடந்த பாத்திரங்களை மட்டும் அவசரமாகத் துணி போட்டு மூடினார். அத்தோடு விட்டேன். எங்கள் கணக்குக்குத் தேவையான படத்தில் பலகையும் ஆணியும் மட்டும் இருக்கும்.

சிகாகோவிலிருந்து ஒருவர்: ஒரு வாரம் போய்ச் சுத்தியல் பிடிப்பது சுற்றுலா இல்லையா? அந்தப் பயணச் செலவில் உள்ளூர்த் தச்சருக்குக் கூலி கொடுத்தால் வேலையும் நன்றாக நடக்கும், அவருக்கும் பிழைப்பு.

நல்ல அடி. பாதி ஒப்புக்கொள்கிறேன். பதினாறு வயதுப் பையன் திங்கட்கிழமை ஆணியை வளைப்பான், புதன்கிழமை கொஞ்சம் தேறுவான், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விடுவான். அவன் போட்ட ஷீட்டை சனிக்கிழமை நான் பிரித்திருக்கிறேன். உள்ளூர் மேஸ்திரி இல்லாத குழுவில் சேரவே சேராதீர்கள், அளவு எடுப்பதும் கூரைச் சட்டமும் மின்சாரமும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். பெரிய அமைப்புகளில் சம்பளத்துக்கு உள்ளூர் ஆட்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள், உண்மையான வேலை அவர்களால்தான் நடக்கிறது.

ஆனால் அந்தப் பயணச் செலவைத் தச்சருக்குக் கொடு என்றால் யாரும் கொடுப்பதில்லை, அதுதான் மீதிப் பாதி. பிள்ளை போய்வந்த வீட்டுக்காரர்கள்தான் அடுத்த பத்து வருஷம் செக் அனுப்புகிறார்கள். அப்புறம், பாதி வீடுகளில் பேச ஆள் இல்லை. அளவெடுக்கப் போன இடத்தில் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார வைத்துவிடுவார்கள், ஆரம்பத்தில் நேரம் வீணாகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் அரிக்கும். கூலிக்கு வரும் தச்சர் உட்கார முடியாது, அவருக்கு அடுத்த வேலை இருக்கிறது.

ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர்: யார் வீட்டைச் சரிசெய்வது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மனு வரும், அமைப்பின் ஆள் போய்ப் பார்ப்பார். வாடகை வீட்டைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, நாம் கூரை போட்டதும் சொந்தக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார். பெரிய சிக்கல் பத்திரம். கொள்ளுத்தாத்தா உயில் எழுதாமல் போயிருப்பார், நிலம் இன்னமும் அவர் பேரில் இருக்கும், பங்காளிகள் இருபது பேர் நாலு மாநிலத்தில் இருப்பார்கள். நம் ஊர்க் கூட்டுப்பட்டா மாதிரிதான். வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்க உதவி கேட்டபோது வீடு உங்களுடையதுதான் என்று காட்டக் காகிதம் இல்லாமல் திண்டாடியவர்கள் உண்டு. அங்கே தச்சரைவிட வக்கீல் தொண்டர் அதிகம் தேவை. இதைப் படிப்பவர்களில் வக்கீல் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

லூயிவில்லிலிருந்து இரண்டு பேர்: நாங்கள் வரத் தயார், என்ன கொண்டுவர வேண்டும்?

டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கணுக்கால் மூடும் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, வெயிலானாலும் முழுப் பேண்ட், உண்ணிக்கும் விஷக்கொடிக்கும் அது வேண்டும். நெற்றியில் மாட்டும் டார்ச், வீட்டுக்கு அடியில் கை இரண்டும் வேலையில் இருக்கும். மலை இடுக்குகளில் சிக்னல் கிடையாது, வழியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஜி.பி.எஸ். ஒருமுறை எங்களை ஓடைக்குள் இறக்கிவிட்டது. என் வண்டியில் மூன்று இடம் இருக்கிறது, ஒன்றை ஏணி எடுத்துக்கொள்ளும். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவோம்.