குடல்வாய்க்கு அருகே வீக்கம்: புற்றுநோய் திரும்பிவிட்டதா?

கேள்வி: மலக்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின்போது என் தகப்பனாருக்கு (62) நிரந்தரக் குடல்வாய் (மலம் வெளியேற வயிற்றில் குடலைக் கொண்டு அமைக்கும் திறப்பு) வைத்தார்கள். இப்போது அதனருகே வீக்கம். நின்றால் எழும்புகிறது, படுத்தால் அமுங்குகிறது. துடைக்கும்போது சிறிது இரத்தமும் கசிகிறது. இணையத்தில் வாசித்ததிலிருந்து எங்களுக்கு உறக்கமில்லை. துணியால் இறுக்கிக் கட்டி, மலமிளக்கி கொடுத்து வருகிறோம்.
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: படுத்தால் அமுங்கும் வீக்கம் புற்றுநோயின் இயல்பல்ல. குடலை வெளியே எடுப்பதற்காக வயிற்றுத் தசையில் இட்ட துளை நாளடைவில் விரிந்து, அதன் வழியே உள்ளேயிருக்கும் குடல் தோலுக்கடியில் வந்து நிற்கிறது, இது ஹேர்னியா. நிரந்தரக் குடல்வாய் உள்ளவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக வருவதுதான். ஆயினும், அவரை நிற்கவைத்து, இருமச் சொல்லி, கைவைத்துப் பார்க்கும் வைத்தியரே இதை உறுதிசெய்ய வேண்டும், இணையம் அல்ல. துடைக்கும்போது மேற்பரப்பில் கசியும் ஓரிரு துளி இரத்தத்துக்காகக் கலங்க வேண்டாம்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. வெளியே வந்த குடல் அந்தத் துளையில் சிக்கி நெரிபடலாம். அப்போது வீக்கம் கல்லைப் போல இறுகி, படுத்தாலும் உள்ளே போகாது; வயிற்றை முறுக்கும் வலியும் வாந்தியும் வரும்; குடல்வாய்மேல் ஒட்டியுள்ள பையில் மலமும் காற்றும் இறங்காது. உதட்டின் உட்புறம்போல ஈரச் சிவப்பாக இருக்க வேண்டிய குடல்வாய் ஊதாவாகவோ கருமையாகவோ மாறலாம். இவற்றில் எதைக் கண்டாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். பை வெறுமையாக இருக்கிறதே என்று அந்த வேளையில் மலமிளக்கி கொடுப்பது அடைபட்ட குடலை மேலும் வருத்தும் பெருந்தவறு. யாரும் எழுதித் தராத அந்த மருந்தை இன்றே நிறுத்துங்கள். இறுக்கிக் கட்டிய துணியையும் அவிழ்த்துவிட்டு, குடல்வாய்க்கென்றே உள்ள பட்டியை அளவெடுத்து வாங்கி, படுத்த நிலையில் அணிவியுங்கள். நெல் மூடை தூக்குவதும் புகைத்தலும் கூடாது.

தொந்தரவு குறைவாயின் சத்திரசிகிச்சை இல்லாமலே இருக்கலாம். பை ஒட்டாமல் ஒழுகினாலோ வலி தொடர்ந்தாலோ, சிறு துளைகள் வழியே கமெராவைச் செலுத்திச் செய்யும் லப்பரஸ்கோபி முறை உண்டு. குடலை உள்ளே தள்ளி, தசையிலுள்ள துளையை உட்புறமிருந்து மருத்துவ வலையால் மூடுவார்கள். வலையின் நடுவே ஓட்டையிட்டு அதன் வழியே குடலை விடுவதைக் காட்டிலும், 1985இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் சுகர்பேக்கர் திறந்த சத்திரசிகிச்சைக்கென விவரித்த வழியைத் தழுவி, ஓட்டையில்லாத வலைக்கு அடியில் குடலைப் பக்கவாட்டாகச் செலுத்தும்போது ஹேர்னியா திரும்ப வருவது குறைவு. முதற் சத்திரசிகிச்சையால் உள்ளே குடல்கள் அதிகம் ஒட்டிப்போயிருந்தால் வயிற்றைத் திறக்கவும் நேரிடலாம். ஆகவே கிளினிக்குக்குச் செல்லும்போது பழைய சத்திரசிகிச்சைக் குறிப்புகளைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.