இளநிலைக் கரிம வேதியியல் செய்முறை வகுப்பை மேம்படுத்த என்ன செய்யலாம்?

புதிய கருவிகள் வாங்க நிதியில்லாத துறையில் கரிம வேதியியல் செய்முறை வகுப்பை எப்படி மேம்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வகுப்புகளை நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் மாற வேண்டியது கருவியன்று, மதிப்பெண் போடும் முறை.

ஆஸ்பிரின் தயாரிப்பை எடுத்துக்கொள்வோம். 2 கிராம் சாலிசிலிக் அமிலத்திலிருந்து, வினை முழுமையாக நடந்தாலும், 2.6 கிராமுக்கு மேல் ஆஸ்பிரின் கிடைக்க வழியில்லை. ஆனால் எடை கூடினால் மதிப்பெண் கூடும் என்றிருக்கும் வகுப்பில், 2.9 கிராம் என்று ரெக்கார்டில் எழுதும் மாணவரிடம் பொருள் காய்ந்ததா என்று எவரும் கேட்பதில்லை. மதிப்பெண்ணில் பாதியைத் தூய்மைக்கான சான்றுக்கு ஒதுக்கிவிட்டால் அந்தக் கேள்வியை மாணவரே கேட்டுக்கொள்வார். சிட்டிகைப் பொருளை ஆல்கஹாலில் கரைத்து ஒரு சொட்டு பெரிக் குளோரைடு விட்டால், எஞ்சியிருக்கும் சாலிசிலிக் அமிலம் ஊதா நிறத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும். மறுபடிகமாக்கிய பின், அதாவது கரைத்து மீண்டும் படிகமாக்கித் தூய்மைப்படுத்திய பின், அதே சோதனையைச் செய்து, நிறம் எவ்வளவு வெளிறியது என்பதைத் தம் சொற்களில் எழுதச் சொல்ல வேண்டும். உருகுநிலையையும் பார்க்கலாம், ஆனால் ஆஸ்பிரின் சூட்டில் சிதையக்கூடியது என்பதால், மிக மெதுவாகச் சூடாக்கினால் 135 டிகிரிக்குக் கீழேயே உருகுவதுபோல் தோன்றும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கொடுத்த பொருள் எது என்று கண்டறியும் கரிமச் சேர்மப் பகுப்பாய்வின் நிலை இன்னும் மோசம். பென்சால்டிஹைடை வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டு, செய்யாத சோதனைகளுக்கும் முடிவுகளைப் பின்னிருந்து முன்னாக எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதற்கு மாற்றாக நான் விரும்புவது கலப்பு உருகுநிலைச் சோதனை. யூரியா, சின்னமிக் அமிலம் இரண்டும் ஏறத்தாழ 133 டிகிரி செல்சியஸில் உருகுபவை. இவற்றுள் ஒன்றைப் பெயரிடாமல் கொடுத்து, ஒப்பிட இரண்டின் மாதிரிகளையும் மேசையில் வைத்தால், உருகுநிலையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. வேறு பொருள் கலந்தால் உருகுநிலை இறங்கும் என்பதால், ஒவ்வொன்றுடனும் கலந்து பார்த்து, எந்தக் கலவை வெகு முன்னதாகவே உருகத் தொடங்குகிறது என்று கவனித்தாக வேண்டும். யூரியா தண்ணீரில் எளிதாகக் கரையும் என்பதைக் கொண்டே ஒருவர் விடையைச் சொல்லிவிட்டால், அவருக்கும் முழு மதிப்பெண் தரத் தயங்கக் கூடாது.

அசெட்டனிலைடில் புரோமினைச் சேர்க்கும் புரோமினேற்றத்தில், ஆபத்தான திரவ புரோமினைத் தவிர்த்து, பொட்டாசியம் புரோமைடையும் செரிக் அம்மோனியம் நைட்ரேட்டையும் பயன்படுத்தலாம். அளவுகளைச் சிறிதாக்கினால் செலவும் கழிவும் தாமே குறையும்.

தன்னாட்சிக் கல்லூரியென்றால் இம்மாற்றங்களைப் பாடத்திட்டக் குழுவிலேயே முன்வைக்கலாம். பல்கலைக்கழக இணைவுக் கல்லூரியென்றால், செய்முறைத் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் பழைய முறையில்தான் மதிப்பெண் இடுவார் என்பதால், அகமதிப்பீட்டு மதிப்பெண்ணிலிருந்து தொடங்குங்கள்.