மலைப்பாதையில் ஓடும் காரில் முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்வது ஏன்?

கேட்டவர் கோத்தகிரிக்காரர். அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்த பிறகும் முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் மட்டும் மொழுக்கையாகிறது, கடைக்காரர் மறுபடியும் அலைன்மென்ட் செய்யச் சொல்கிறார், செய்யலாமா என்பது கேள்வி.

பணம் கட்டும் முன் டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தினால் முன் டயரின் முகம் வெளியே தெரியும் (கம்பி தெரிகிற டயர் என்றால் கையே வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்). உள்ளங்கையை வெளி ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுபோங்கள், அப்புறம் உள்ளேயிருந்து வெளியே. இரண்டு வாட்டமும் வழவழவென்று இருந்து ஓரம் மட்டும் உருண்டு போயிருந்தால் அது பெரும்பாலும் நம்ம ரோட்டின் வேலை. ஒரு வாட்டத்தில் வழுக்கி, திரும்பி வரும்போது ஒவ்வொரு பட்டனின் (டயர் முகத்திலுள்ள ரப்பர்க் கட்டி) விளிம்பும் ரம்பப் பல் மாதிரி தட்டினால் டோ கெட்டிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவுதான் டோ. உள்ளேயிருந்து வெளியே வரும்போது தட்டினால் டோ-இன் அதிகம், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மேல் உள்ளே திரும்பியிருக்கிறது. எதிர் வாட்டத்தில் தட்டினால் டோ-அவுட், அதில் உள் ஓரம்தான் முதலில் போகும்.

டயரை வேகமாகத் தின்பது டோதான். ஒரு சக்கரம் 1 டிகிரி திரும்பி நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிற கணக்கு. டோ-அவுட் ஆன வண்டி வளைவில் சட்டென்று திரும்பும், நன்றாயிருக்கிறதே என்று கூடத் தோன்றும். மேட்டுப்பாளையம் தாண்டி நேர் ரோட்டில் வேகம் எடுத்தால் அலைபாயும்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது எடையில் பெரும்பங்கு வெளிச் சக்கரத்துக்குப் போகிறது, அந்தச் சக்கரமும் கூடவே சாய்வதால் அதன் வெளி ஓரம்தான் தரையை அழுத்துகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவு, இடமும் வலமும் மாறி மாறி வரும், அதனால் இரண்டு டயரும் ஒரே மாதிரி தேயும். இதை எந்த அலைன்மென்ட் மெஷினும் நிறுத்தாது. கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மேல்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) கொஞ்சம் உள்பக்கம் சாய்த்தால் குறையும்தான், ஆனால் பெரும்பாலான சின்ன கார்களில் கம்பெனி கொடுத்திருப்பது டோ திருத்தம் மட்டுமே. திரையில் கேம்பர் சிவப்பாகக் காட்டுகிறது என்று சொல்லிக் காசு கேட்டால், எந்த போல்ட்டைத் திருப்பி அதைச் சரிசெய்வீர்கள் என்று கேளுங்கள்.

காஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) பற்றி அதிகம் கவலை வேண்டாம், டயரை அது அவ்வளவாகத் தேய்க்காது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராக வருவது அதனால்தான். இடது வலது வித்தியாசப்பட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ரோடே இடப்பக்கம் சரிந்திருந்தாலும் அப்படித்தான் இழுக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரம்பப் பல் தட்டினால் மட்டும் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். அதற்கும் முன்னால் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். டை ராட் எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) ஆட்டம் கொடுத்தாலோ லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர்) கிழிந்திருந்தாலோ, எஸ்டேட் ரோட்டில் ஒரு குழி போதும், வைத்த அளவு மாறிவிடும். தட்டவில்லை என்றால் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னால் மாற்றுங்கள், காற்றை டயர் சூடாகும் முன், கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், ஆனால் நம் வளைவுகளில் வெளி ஓரம் அதைவிடச் சீக்கிரம் காலியாகும். நடுவில் பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஓட்டாதீர்கள், வெளி ஓரத்தில் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அந்த டயர் முடிந்தது.