கீறுவது நின்றுவிட்டது, அப்புறம்? பார்டர்லைன் சிகிச்சையில் வாழ்க்கை இலக்குகள்: கேள்வி பதில்

நான் மருத்துவ உளவியலாளர். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்குவது, விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், சிலர் தன்னையே கீறிக்கொள்வது) உள்ளவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் வேலை செய்கிறேன். "உனக்கு எது முக்கியம், எப்படி வாழ ஆசை?" என்று சிகிச்சையில் ஏன் துருவுகிறார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மாத்திரை அளவு பற்றி உங்கள் மனநல மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி (24 வயது, கோவை): "உனக்கு முக்கியமானவற்றை எழுதிக்கொண்டு வா" என்றார் தெரபிஸ்ட். ஒன்றுமே வரவில்லை. தோழி யோகா போனால் நானும் யோகா. பழைய காதலனுக்கு பைக் பைத்தியம், எனக்கும் அதே பைத்தியம். எனக்கென்று எதுவுமே இல்லையா மேடம்?

எழுத வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை. இந்த நோயைக் கண்டறிய டி.எஸ்.எம். என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு தரும் ஒன்பது அளவுகோல்களில் ஒன்றே இதுதான்: தான் யார் என்ற எண்ணம் நிலைகொள்ளாமல் மாறிக்கொண்டே இருப்பது. அதனால் "உன் லட்சியம் என்ன?" என்று நேராகக் கேட்டால் யாருக்கும் வெறும் தாள்தான் மிஞ்சும்.

சுற்றி வளைத்துக் கேட்டுப் பாருங்கள். யாரைப் பார்த்தால் பொறாமை வருகிறது, அவர்கள் செய்யும் எதைப் பார்த்து? பஸ்ஸில் வயதானவரை யாராவது அதட்டினால் உங்களுக்கு ஏன் சுருக்கென்கிறது? யாரும் பார்க்காதபோதும், யாரும் மெச்சாவிட்டாலும் எதை ஒழுங்காகச் செய்கிறீர்கள்? இவற்றுக்கு வரும் பதில்களில் உங்கள் மதிப்பீடுகள், அதாவது உங்களுக்கு நிஜமாகவே முக்கியமானவை, ஒளிந்திருக்கும். அப்புறம், பிறரிடமிருந்து தொற்றிக்கொண்டது எல்லாமே போலி என்று நினைக்க வேண்டாம். காதலன் போன பிறகும் பைக் ஓட்டப் பிடிக்கிறதா? அப்படியென்றால் அது இப்போது உங்களுடையது.

கேள்வி (ஒரு அம்மா, மதுரை): மகள் கையைக் கீறிக்கொள்வதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. ஆனால் படிப்பையும் விட்டுவிட்டு அறையிலேயே கிடக்கிறாள். குணமாகிவிட்டதா, இல்லையா?

பாதி வழி வந்துவிட்டாள் அம்மா. அது சின்ன விஷயம் இல்லை.

பாஸ்டன் அருகே உள்ள மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனரினியின் குழு, அங்கே உள்நோயாளிகளாக இருந்த 290 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தது. 2010இல் வெளிவந்த பத்தாண்டுக் கணக்குப்படி 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கி, குறைந்தது இரண்டு வருடம் அப்படியே இருந்தன. இந்த நோய் தீரவே தீராது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பேச்சை மறந்துவிடுங்கள். ஆனால் அறிகுறியும் அடங்கி, வேலையோ படிப்போ ஓடி, நல்ல உறவுகளும் அமைந்தவர்கள் 50 சதவீதம்தான்.

உங்கள் மகள் அந்த இடைவெளியில்தான் நிற்கிறாள். அது தானாக நிரம்புவதில்லை என்பதால்தான் வாழ்க்கை இலக்கைச் சிகிச்சைக்குள்ளேயே கொண்டுவருகிறோம். "எப்போது காலேஜ் போவாய்?" என்று கேட்காதீர்கள். வாரம் இரண்டு நாள், குறித்த நேரத்துக்கு வீட்டைவிட்டு வெளியே போகும்படி ஏதாவது ஒரு பொறுப்பு இருந்தால் முதலில் அது போதும்.

கேள்வி (31 வயது): என் இலக்கு தெளிவாக இருக்கிறது: இனிமேல் கோபப்படக் கூடாது, அழக் கூடாது, யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. சரிதானே?

இந்த மூன்றையும் ஒரு பிணம் உங்களைவிட நன்றாகச் செய்யும்! கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள், உளவியலில் இப்படி ஒரு சோதனையே உண்டு. செத்தவரால் செய்ய முடிந்த ஒன்றை, வாழ்கிறவருக்கு இலக்காக வைக்கக் கூடாது.

கோபமில்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுவழிச் சிகிச்சையில் இதற்குப் படிப்படியாக ஒரு வழி இருக்கிறது. "நம்பி ஒப்படைக்கத் தகுந்த ஆளாக இருக்க வேண்டும்" என்பது உங்கள் மதிப்பீடு என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு இலக்கு: மருந்துக் கடையில் அரைநாள் வேலை. அதற்கான சின்னப் படிகள்: தெரிந்த கடைக்காரரிடம் கேட்பது, சான்றிதழ்களை நகலெடுப்பது, காலை ஏழு மணிக்கு எழப் பழகுவது. கடைசியாக, இன்றே செய்யக்கூடிய ஒரே ஒரு படி. பெரும்பாலும் அது ஒரு போன் காலாகத்தான் இருக்கும். அதைச் செய்த அன்று கோபம் வந்ததா என்பது இரண்டாம் பட்சம்.

கேள்வி: சாகலாம் என்ற நினைப்போடு போராடுகிறவளிடம் போய் வாழ்க்கை லட்சியம் பேசுவது கேலியாக இல்லையா?

உங்கள் கோபம் நியாயமானது. டி.பி.டி.யின் வரிசையிலும் உயிருக்கு ஆபத்தான நடத்தைதான் முதலில். அடுத்தது சிகிச்சையைக் கெடுப்பவை, வாழ்க்கைத் தரத்தைக் கெடுப்பவை அதற்கும் பிறகு. ஆனால் எதற்காக உயிரோடு இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் "சாகாதே" என்று மட்டும் சொல்வது ரொம்ப நாள் தாங்காது.

அந்தச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹன், 1961இல் தன் 17ஆம் வயதில் ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர். உடம்பெல்லாம் தீக்காயமும் வெட்டுத் தழும்பும். இந்த நரகத்திலிருந்து வெளியே வருவேன், வந்து மற்றவர்களையும் மீட்பேன் என்று சபதம் எடுத்ததாக, அதே மருத்துவமனைக்குப் போய் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சபதத்தை எடுத்தபோது அவர் ஒன்றும் குணமாகியிருக்கவில்லை.

சாகலாம் என்ற நினைப்பு இன்று அதிகமாக இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் தங்கை சரியாகிவிடுவாள் என்கிறார் மாமா.

மாமாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் இந்த நோயின் ஆணிவேர். அப்படிப்பட்டவரின் மொத்த வாழ்க்கையையும் ஒரே ஒருவர் தோளில் ஏற்றினால், அவர் போனை எடுக்கத் தாமதமானாலே வீடு ரணகளமாகும். மெக்லீன் மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஜான் கண்டர்சன் வகுத்த சிகிச்சைமுறை, காதலுக்கு முன் வேலை என்றே வரிசைப்படுத்துகிறது. சம்பளம் எவ்வளவு என்பது முக்கியமில்லை. கல்யாணமே கூடாது என்றும் சொல்லவில்லை, அதை மருந்தாகக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி: மாத்திரை மட்டும் போதாதா?

போதாது. 2009இல் வந்த பிரிட்டனில் சிகிச்சைமுறைகளைப் பரிந்துரைக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், இந்தக் கோளாறுக்கென்றே மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. கூடவே மனச்சோர்வு போன்றவை இருந்தால் அவற்றுக்கு மருந்து உண்டு. அதனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி (27 வயது): திங்கள்கிழமை இலக்கு வைப்பேன், புதன்கிழமை ஒரு சண்டை வரும், எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் இதே கதை.

அப்படியானால் புதன்கிழமைக்கும் சேர்த்தே திட்டம் போடுங்கள். தாளில் இரண்டு அளவு எழுதுங்கள்: நல்ல நாளுக்கு ஒன்று, மோசமான நாளுக்கு ஒன்று. நல்ல நாளில் ஒரு மணி நேரம் படிப்பு. மோசமான நாளில் புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தி, அவ்வளவுதான். டைரி கார்டில் (டி.பி.டி.யில் தினமும் நிரப்பும் குறிப்புத் தாள்) அந்த ஒரு பத்திக்கும் டிக் உண்டு. சண்டை நடந்த அன்று புது முடிவு எதுவும் எடுக்காதீர்கள். வேலையை விடுவதாக இருந்தாலும் கோர்ஸை விடுவதாக இருந்தாலும், அடுத்த செஷனில் பேசிவிட்டு விடலாம்.